வீடற்றோர்: ஒரு சொல், பல வழிகள்

முன்னுரை

உணவு, உடை, உறையுள் என்னும் மூன்றும் மாந்தர்க்கு இன்றியமையாதவை எனத் தொடக்கப்பள்ளியிலேயே கற்பிக்கிறோம். இம்மூன்றனுள் முதலிரண்டும் பிறர் கையால் ஒரே நாளில் கிடைத்துவிடக் கூடியவை. பசித்தவர்க்கு ஒரு பொட்டலம் சோறு தரலாம். கந்தல் உடுத்தவர்க்கு ஒரு வேட்டி தரலாம். உறையுளை அவ்வாறு கையில் எடுத்துக் கொடுக்க இயலாது. அதனால்தான் போலும், அன்னதானம் செய்வோர் மிகுந்த நம் மாநகரில் உறையுள் இல்லாதாரைப் பற்றிய பேச்சு குறைவாகவே உள்ளது.

'வீடற்றோர்' என்று ஒரே சொல்லால் அவர்களைக் குறிக்கிறோம். ஆயின் அச்சொல்லுள் அடங்குவோர் ஒரே வகையினர் அல்லர். வெவ்வேறு வழிகளால் தெருவை அடைந்தவர்கள் அவர்கள். ஆகவே தெருவிலிருந்து மீளும் வழிகளும் வெவ்வேறாகவே இருத்தல் வேண்டும். இதனைச் சென்னை மாநகரையும், சிறப்பாக அதன் பழைய பகுதியாகிய ஜார்ஜ் டவுனையும் கொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒரு படிவம்

இப்பொருளை நான் எடுத்துக்கொண்டதற்கு ஒரு காரணம் உண்டு. சில ஆண்டுகளுக்கு முன் உதவித்தொகை விண்ணப்பங்களைச் சரிபார்க்கும் பணி என்னிடம் ஒப்படைக்கப்பட்டிருந்தது. முதலாண்டு மாணவர் ஒருவர் தம் படிவத்தில் 'நிலையான முகவரி' என்னும் இடத்தை நிரப்பாமல் விட்டிருந்தார். இருமுறை திருப்பிக் கொடுத்தும் அவ்விடம் வெறுமையாகவே வந்தது. வகுப்பில் அனைவர் முன்னிலையிலும், "முகவரி எழுதக்கூடத் தெரியாதா?" என்று கடிந்துகொண்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை.

அன்று மாலை துறை அறைக்கு வந்தார். "ஐயா, நாங்கள் பாரிமுனைப் பக்கம் ஒரு கடைக்கு முன்னால் நடைபாதையில் இருக்கிறோம். கடைக்குக் கதவு எண் இருக்கிறது, எங்களுக்கு இல்லை. கடைக்காரர் தம் எண்ணை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். நான் எதை எழுத வேண்டும்?" என்று கேட்டார். அவருடைய பாட்டியார் அந்த நடைபாதைக்குக் குடிவந்தவர். தாயார் அங்கேயே பிறந்தவர். என்னிடம் விடை இல்லை. அகத்திணையும் புறத்திணையும் கற்பித்துவந்த எனக்கு, என் வகுப்பில் மூன்றாம் வரிசையில் அமர்ந்திருந்தவர் இரவில் எங்கே உறங்குகிறார் என்பது தெரியாமலிருந்தது.

சொல்லும் பொருளும்

'வீடு' என்னும் சொல் 'விடு' என்னும் வினையடியாகப் பிறந்தது என்பர். பற்றுகளை விட்டு அடையும் பேற்றையும் அச்சொல்லாலேயே குறித்தனர் நம் முன்னோர். 'இல்' என்னும் சொல்லோ இல்லத்தையும் குறிக்கும், இன்மையையும் குறிக்கும்.

வீடற்றோரைப் பற்றிப் பேசும்போது மணிமேகலைக் காப்பியம் நினைவுக்கு வருதல் இயல்பு. புகார் நகரத்து உலகவறவி என்னும் அம்பலத்தில்தான் மணிமேகலை அமுதசுரபியைக் கொண்டு உணவளித்தாள். அவளுக்கு முன்னர், மதுரையில் சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கிய ஆபுத்திரன், தான் இரந்து பெற்ற உணவைப் பிறர்க்கு அளித்த பின்னரே தான் உண்டான். ஈண்டு நோக்கத்தக்கது ஒன்றுண்டு. அவன் அழைத்து உண்பித்தவர்களை 'ஏழையர்' என்னும் ஒரே சொல்லால் சாத்தனார் கடந்துவிடவில்லை. பார்வையற்றோர், செவிப்புலன் இழந்தோர், கால் முடங்கியோர், பேணுவார் அற்றோர், நோயுற்றோர் என வகைவகையாகப் பிரித்து எண்ணுகிறார். ஒவ்வொருவரின் துன்பமும் வேறு என்பதை அப்புலவர் உணர்ந்திருந்தார் எனலாம்.

பிற்காலத்தில் சத்திரங்களும் சாவடிகளும் முசாபர்கானாக்களும் எழுந்தன. இவையனைத்தும் வழிப்போக்கர்க்காக ஏற்பட்டவை. வழிப்போக்கர்க்குச் சென்று சேர ஓர் ஊர் உண்டு. திரும்பிச் செல்ல ஒரு வீடு உண்டு. வீடற்றோர்க்கோ இவ்விரண்டும் இல்லை. ஆகவே இரண்டு நாள் தங்கல் என்னும் பழைய ஏற்பாடு அவர்களுக்குப் போதாது.

எண்ணும் முறை

இந்திய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு, கட்டடம் எதிலும் வாழாமல் சாலையோரத்திலும் நடைபாதையிலும் பெருங்குழாய்களுக்குள்ளும் மேம்பாலத்தின் அடியிலும் மாடிப்படிகளின் கீழும் வழிபாட்டிடங்களின் திறந்த வெளியிலும் தொடர்வண்டி நிலைய மேடைகளிலும் வாழ்வோரை வீடற்றோர் என வரையறுக்கிறது. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் இவர்களை எண்ணுவதற்காகப் பிப்ரவரி 28-ஆம் நாள் இரவு ஒதுக்கப்பட்டது. நாடு முழுவதும் 17.73 இலட்சம் பேர் வீடற்றோராகக் கணக்கிடப்பட்டனர். 2001-இல் இவ்வெண்ணிக்கை 19.43 இலட்சமாக இருந்தது. மொத்தம் குறைந்ததுபோல் தோன்றினும், குறைந்தது சிற்றூர்களில்தான். நகர்ப்புறங்களில் 7.78 இலட்சமாக இருந்தது 9.38 இலட்சமாக உயர்ந்தது.

ஒரே இரவில் எண்ணும் முறையில் குறைபாடுகள் பல உண்டு. இரவில் மூட்டை இறக்கும் தொழிலாளி அந்நேரத்தில் உறங்குமிடத்தில் இருக்கமாட்டார். தனியாக இருக்கும் பெண் எவர் கண்ணிலும் படாத இடத்தையே தேடுவார். எனவே உண்மை எண்ணிக்கை இதனினும் மிகுதி என்று இத்துறையில் உழைப்போர் தொடர்ந்து கூறிவருகின்றனர். 2021-இல் நிகழவேண்டிய கணக்கெடுப்பு கொரோனாத் தொற்றினால் தள்ளிப்போயிற்று. 2027-ஆம் ஆண்டைக் கொண்டு அடுத்த கணக்கெடுப்பு நிகழும் என 2025-இல் அறிவிக்கப்பட்டது. இடைப்பட்ட காலத்தில் பிறந்து வளர்ந்த குழந்தைகள் பழைய கணக்கில் இல்லை.

தலைமுறைக் குடும்பங்கள்

சென்னையின் நடைபாதைகளில் முதலில் கண்ணிற்படுவோர் குடும்பத்தோடு வாழ்பவர்கள். துறைமுகமும் மொத்த வணிகமும் ஜார்ஜ் டவுனில் வளர்ந்த காலத்தில் மூட்டை தூக்கவும் வண்டி இழுக்கவும் வந்தவர்களின் வழியினர் இவர்கள். கொத்தவால் சாவடிக் காய்கறிச் சந்தை 1996-இல் கோயம்பேட்டிற்கு மாறிற்று, மக்கள் மாறவில்லை. பூக் கட்டுதல், மீன்பாடி வண்டி ஓட்டுதல், பழைய காகிதமும் இரும்பும் சேர்த்தல், கடைகளைப் பெருக்குதல், வீட்டு வேலை செய்தல் ஆகியவற்றால் பிழைக்கின்றனர். இவர்களைப் பிச்சைக்காரர் என்று எண்ணுதல் பெரும் பிழையாகும்.

இவர்களுடைய வீடு கடை அடைத்த பின்னர்த் தோன்றி, கடை திறக்குமுன் மறைந்துவிடும். பகலில் ஒரு தார்ப்பாய்ச் சுருளும் சில பாத்திரங்களும் ஒரு பள்ளிப் பையும் சுவரோரம் இருக்கும். அவ்வளவே. மழைக்காலத்தில் கடையின் முகப்புக் கூரையே துணை. குழந்தைகள் தெருவிளக்கில் படிக்கின்றனர். கட்டணக் கழிப்பிடத்திற்கும் குளியலுக்கும் நாள்தோறும் ஒரு தொகை செல்கிறது. வாடகை இல்லையே தவிர, தெருவில் வாழ்வதும் செலவு மிக்கதே.

குடிசைவாழ் மக்களுக்கென 1970-இல் தமிழ்நாடு குடிசை மாற்று வாரியம் ஏற்பட்டது. 2021-இல் அது தமிழ்நாடு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் எனப் பெயர் பெற்றது. கண்ணகி நகர், பெரும்பாக்கம் போன்ற இடங்களில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நடைபாதைக் குடும்பங்கள் சிலவற்றுக்கும் அங்கே வீடு கிடைத்தது. ஆனால் அவ்விடங்கள் ஜார்ஜ் டவுனிலிருந்து 20 கிலோமீட்டருக்கும் அப்பால் உள்ளன. விடியற்காலை மூன்று மணிக்குப் பூச்சந்தைக்கு வரவேண்டிய பெண் அங்கிருந்து எவ்வாறு வருவார்? வீட்டைப் பூட்டிவிட்டு நடைபாதைக்கே திரும்பியோர் உண்டு. 'வீடு கொடுத்தாலும் இருக்கமாட்டார்கள்' என்று அவர்களைப் பழிப்போரும் உண்டு. அவர்கள் வெறுத்தது வீட்டை அன்று. பிழைப்பு இல்லாத வீட்டை.

பம்பாய் நடைபாதை மக்கள் தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985-இல் உச்சநீதிமன்றம் இவ்வுண்மையையே ஏற்றுக்கொண்டது. பிழைப்புக்கு அண்மையில் இருக்கவேண்டியே இம்மக்கள் நடைபாதையில் தங்குகின்றனர் என்றும், வாழும் உரிமையில் பிழைக்கும் உரிமையும் அடங்கும் என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. ஆயினும் அவர்களை அகற்றவே கூடாது என்று அது சொல்லவில்லை. முறைப்படி அறிவித்த பின்னரே அகற்றலாம் என்றது.

தனித்து வந்த தொழிலாளர்

இரண்டாம் வகையினர் வேலை தேடித் தனியாக வந்த ஆடவர். தமிழகத்தின் பிற மாவட்டங்களிலிருந்தும் வட மாநிலங்களிலிருந்தும் வருவோர் இவர்கள். இவர்களுக்கு ஊரில் வீடு உண்டு, இங்கேதான் இல்லை. கட்டுமான இடத்திலும் உணவகத்தின் பின்புறத்திலும் உறங்குவோரைக் கணக்கெடுப்பு வீடற்றோராக எண்ணுவதில்லை. ஆனால் வேலை போகும் நாளில் உறையுளும் உடன் போய்விடும். 2020 மார்ச் 24-ஆம் நாள் இரவு நாடுதழுவிய ஊரடங்கு அறிவிக்கப்பட்டபோது இவ்வுண்மை உலகிற்குத் தெரிந்தது. மாநிலம் விட்டு மாநிலம் வரும் தொழிலாளர்க்கு ஒப்பந்தக்காரர் தக்க தங்குமிடம் அளிக்கவேண்டும் என 1979-இலேயே சட்டம் கூறியிருந்தும், ஆயிரக்கணக்கானோர் நெடுஞ்சாலைகளில் நடக்கவேண்டியதாயிற்று.

இவர்களுக்கு வேண்டுவது நிலையான வீடு அன்று. குறைந்த வாடகையில் பணியிடத்துக்கு அருகே பாதுகாப்பான தங்கல், பொருள்களை வைத்துப் பூட்ட ஓர் இடம், நோயுற்ற நாளில் துணை ஆகியவையே இவர்களுக்குத் தேவை.

பெண்கள்

தெருவில் தனித்து வாழும் ஆடவர் இரவில் உறங்குகிறார். பெண்ணோ பெரும்பாலும் விழித்திருக்கிறார். பேருந்து நிலையத்திலும் மருத்துவமனை வாயிலிலும் விளக்கு எரியும் இடத்தைத் தேடி அமர்ந்து, பகலில் உறங்கும் பெண்களைச் சோம்பேறிகள் என்று எண்ணிக் கடந்துவிடுகிறோம்.

கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், அடி பொறாது வெளியேறியோர் எனப் பெண்கள் தெருவை அடையும் வழிகள் பல. தெருவுக்கு அஞ்சியே கொடுமையான வீட்டில் தங்கிவிடும் பெண்களும் உள்ளனர். அவர்கள் கூரையின் கீழ் இருந்தும் வீடற்றவர்களே. 2005-ஆம் ஆண்டுக் குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம், தாம் பகிர்ந்து வாழும் இல்லத்தில் குடியிருக்கும் உரிமையைப் பெண்ணுக்கு அளித்துள்ளது. அவ்வில்லம் கணவர் பெயரில் இருந்தாலும் வாடகைக்கு எடுத்ததாயினும் அவ்வுரிமை உண்டு. எச்சமயத்தைச் சார்ந்த பெண்ணுக்கும் இச்சட்டம் பொருந்தும். நம் மாணவியரும் அவர்தம் தாய்மாரும் இதனை அறிந்திருத்தல் நன்று. தெருவுக்கு வந்த பின் மீட்பதினும், தெருவுக்கு வாராமல் காப்பதே எளிது.

சிறாரும் முதியோரும்

சென்னை மத்திய தொடர்வண்டி நிலையத்தில் நாள்தோறும் வந்திறங்குவோருள் வீட்டைவிட்டு வெளியேறிய சிறுவர்களும் உண்டு. வறுமை, அடி, தேர்வு அச்சம், படம் பார்த்த ஆசை எனக் காரணங்கள் பலவாகும். இவர்கள் தீயோர் கையில் சிக்குமுன் நல்லோர் கண்ணில் படவேண்டும். 1996-இல் மும்பையில் தொடங்கிப் பின் நாடெங்கும் பரவிய 1098 என்னும் தொலைபேசி எண் இதற்காகவே ஏற்பட்டது. சிறுவரை உடனே வீட்டிற்கு அனுப்புவதே எப்போதும் சரியான தீர்வு ஆகாது. எந்த அடிக்கு அஞ்சி ஓடிவந்தாரோ அதே அடிக்கு அவரைத் திருப்பி அனுப்புதல் தகாது. அதனால்தான் குழந்தைகள் நலக்குழு ஆராய்ந்து முடிவெடுக்க வேண்டும் எனச் சட்டம் வகுத்துள்ளது.

முதியோர் நிலை இதற்கு நேர்மாறானது. சிறுவர் வீட்டை விட்டு வருகின்றனர். முதியோரை வீடு விட்டுவிடுகிறது. திருத்தலத்திற்கும் தர்காவிற்கும் மருத்துவமனைக்கும் அழைத்து வந்து, 'இதோ வருகிறேன்' என்று சொல்லிச் செல்லும் மக்கள் பின்னர் வருவதில்லை. 2007-ஆம் ஆண்டுப் பெற்றோர், முதியோர் பராமரிப்புச் சட்டப்படி, காக்கும் கடமையுடையோர் முதியவரைக் கைவிடுதல் மூன்று திங்கள் சிறைக்கோ 5,000 ரூபாய் தண்டத்திற்கோ உரிய குற்றமாகும். ஆனால் எந்தத் தாயும் தன் மகன்மீது முறையீடு எழுத விரும்புவதில்லை. 'எனக்கு மக்கள் இல்லை' என்றே அவர்கள் சொல்லிவிடுகின்றனர்.

மனநோயுற்றோர்

கிழிந்த உடையுடன் தமக்குத் தாமே பேசிச் செல்வோரைக் கண்டால் நாம் ஒதுங்கி நடக்கிறோம். மனநோயுற்றுத் தெருவில் அலையும் பெண்களின் துயர் கண்டு, 1993-இல் வந்தனா கோபிகுமார், வைஷ்ணவி ஜெயகுமார் என்னும் இளம்பெண்கள் இருவர் சென்னையில் பான்யன் என்னும் அமைப்பைத் தொடங்கினர். மருத்துவம் பெற்றுத் தெளிந்தபின் தம் ஊரையும் பெயரையும் நினைவுகூர்ந்து, தொலைதூர மாநிலங்களில் உள்ள குடும்பத்தோடு சேர்ந்தோர் பலர். அவர்கள் வீட்டை இழந்ததற்குக் காரணம் நோய். எனவே மருந்தே அவர்களுக்கு வீட்டின் வாயிலாயிற்று.

மருந்தின்றி இடம் மட்டும் அளித்தால் என்னவாகும் என்பதற்கு ஏர்வாடி சான்று. 2001 ஆகஸ்ட் 6-ஆம் நாள், அங்கே தனியார் காப்பகம் ஒன்றில் விடியற்காலையில் தீப்பற்றியபோது, சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த மனநோயாளிகள் தப்ப வழியின்றி 28 பேர் மாண்டனர். குடும்பத்தார் நம்பிக்கையோடு கொண்டுவந்து விட்டவர்களும் அவருள் இருந்தனர். சுமையெனக் கருதி விட்டுச்சென்றவர்களும் இருந்தனர். பின்னாளில் அரசு அத்தர்காவை ஒட்டியே மனநல மருத்துவத்திற்கு ஏற்பாடு செய்தது. 'தவாவும் துவாவும்' என அதற்குப் பெயர். மருந்தும் இறைஞ்சலும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதே அதன் கருத்து. தெருவில் ஆதரவற்றுத் திரியும் மனநோயாளியைக் காவல்துறையினர் பாதுகாப்பில் எடுத்து மருத்துவத்திற்கு அனுப்புதல் கடமை என 2017-ஆம் ஆண்டு மனநலச் சட்டம் கூறுகிறது.

திருநங்கையர்

திருநங்கையர் பலர் இளமையிலேயே பெற்ற வீட்டிலிருந்து வெளியேற்றப்படுகின்றனர். கையில் பணம் இருந்தாலும் வாடகைக்கு வீடு கொடுப்பார் அரியர். வறுமை காரணமாக அன்றி, வெறுப்புக் காரணமாக வீடிழந்த கூட்டம் இது. தமிழகத்தில் 2008-இல் இவர்களுக்கென நலவாரியம் அமைந்தது. 2019-ஆம் ஆண்டு மையச் சட்டம், பாலின அடையாளத்தைக் காரணம் காட்டி இவர்களைப் பெற்றோரிடமிருந்தோ குடும்பத்திடமிருந்தோ பிரித்தல் கூடாது என்கிறது. ஆடவர் காப்பகம், மகளிர் காப்பகம் என இரண்டே வாயில்களை வைத்தால் இவர்கள் எதில் நுழைவது என்பதும் எண்ணிப் பார்க்கத் தக்கது.

காப்பகங்களின் நிலை

தில்லியில் குளிரால் வீடற்றோர் இறந்ததையொட்டி, 2010-ஆம் ஆண்டு தொடக்கத்தில் உச்சநீதிமன்றம் பெருநகரங்களில் ஓர் இலட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம் வேண்டும் என ஆணையிட்டது. 2013-இல் தொடங்கப்பெற்ற தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம், ஒருவருக்குக் குறைந்தது 50 சதுர அடி இடம் என்றும், ஒரு காப்பகத்தில் 50 முதல் 100 பேர் என்றும் அளவு வகுத்தது. சென்னை மாநகராட்சி, தொண்டு அமைப்புகளின் துணையுடன் ஆடவர், மகளிர், சிறார், மனநோயுற்றோர் எனத் தனித்தனிக் காப்பகங்களை நடத்திவருகிறது. வெளியூரிலிருந்து நோயாளியுடன் வந்து மரத்தடியில் படுத்திருப்போர்க்காக அரசு மருத்துவமனை வளாகங்களிலும் காப்பகங்கள் அமைந்துள்ளன. வகை அறிந்து செய்த இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது.

எனினும் ஒரு குறை எஞ்சி நிற்கிறது. முதலில் சொன்ன தலைமுறைக் குடும்பத்திற்கு இதில் இடம் எங்கே? ஆடவர் காப்பகத்தில் தாய்க்கு இடமில்லை. மகளிர் காப்பகத்தில் வளர்ந்த மகனுக்கு இடமில்லை. மீன்பாடி வண்டியை நிறுத்தவும் இடமில்லை. குடும்பத்தைப் பிரித்துத்தான் கூரை கிடைக்குமெனில், கூரை வேண்டா என்றே அவர்கள் சொல்வார்கள். நாமாயினும் அவ்வாறே சொல்வோம். இவர்களுக்குக் காப்பகம் போதாது. பிழைக்கும் இடத்திற்கு அண்மையில், பழைய நகரத்துக்குள்ளேயே, சிறிதாயினும் ஒரு குடியிருப்பே தீர்வாகும்.

முகவரி என்னும் உரிமை

எவ்வகையினர்க்கும் பொதுவான இழப்பு ஒன்றுண்டு. அது முகவரி. குடும்ப அட்டை, வங்கிக் கணக்கு, சாதிச் சான்று, பள்ளிச் சேர்க்கை ஆகிய யாவும் முகவரியைக் கேட்கின்றன. இதற்குத் தேர்தல் ஆணையம் ஒரு வழி கண்டுள்ளது. வீடற்ற ஒருவர் வாக்காளராகப் பதிவு செய்ய விண்ணப்பித்தால், வாக்குச்சாவடி அலுவலர் இரவில் ஒன்றுக்கு மேற்பட்ட முறை அவ்விடம் சென்று, அவர் அங்கே உறங்குவதை நேரில் காணவேண்டும். கண்டால் இருப்பிடச் சான்று வேறு தேவையில்லை. இவ்விதியை அறிந்தோர் மிகச் சிலரே. வாக்குரிமைக்கு இயலும் இம்முறை ஏனைய உரிமைகளுக்கும் இயலாதா?

முடிவுரை

தெருவை அடைந்த வழிகளை அறிந்தாலன்றி மீட்கும் வழிகளை அறிய இயலாது என்பதே இதுகாறும் கூறியவற்றின் சுருக்கம். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்கள் ஆண்டிற்கு ஓரிரவேனும் கல்லூரியைச் சுற்றியுள்ள தெருக்களில் நடந்து, அங்கே உறங்குவோர் யார், எவ்வகையினர், அவர்க்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதலாம். போர்வை வழங்கிப் படம் எடுத்துக்கொள்வதினும் அது பயனுடைய பணியாகும். ஆசிரியராகிய நாமும், வெறுமையாக வரும் ஒரு படிவத்தைத் திருப்பி அனுப்புமுன் காரணத்தைத் தனியே கேட்டறிதல் வேண்டும்.

அம்மாணவரின் படிவத்தில் இறுதியாக நம் துறையின் முகவரியே எழுதப்பட்டது. முதல்வர் அதற்கு இசைவளித்தார். உதவித்தொகைக் கடிதம் என் மேசைக்கு வந்தபோது அதனை அவரிடம் கொடுத்து, வகுப்பில் கடிந்ததற்காக அதே வகுப்பில் வருத்தம் தெரிவித்தேன். அவர் இளங்கலைப் பட்டம் பெற்று வேலைக்குச் சென்றுவிட்டார். வாடகைக்கு வீடு தேடுகிறார். முன்பணமும் முந்தைய முகவரியும் கேட்கிறார்களாம். அவருடைய தாயாரும் பாட்டியாரும் இன்றிரவும் அதே கடையின் முன்னால்தான், கடை அடைக்கும் நேரம் பார்த்துக் காத்திருப்பார்கள்.